காயலான் கடையில் சீசியம்: கூர்மையான படம் காட்டிய தவறான இடம்

பின்னணி

வடசென்னையில், மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையே உள்ள ஒரு பழைய இரும்புக் குடோன். சுமார் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். முன்பக்கம் எடை மேடை, நடுவில் காந்தக் கிரேன், கிழக்கே செங்கல் சுற்றுச்சுவரை ஒட்டி நான்கு குவியல்கள். காயலான் கடைகளிலிருந்தும் மூடப்பட்ட ஆலைகளிலிருந்தும் வரும் இரும்பு இங்கே தரம் பிரிக்கப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் உள்ள உருக்காலைகளுக்குப் போகும்.

ஒரு நவம்பர் மாதப் பிற்பகலில், இங்கிருந்து 9 டன் ஏற்றிச் சென்ற லாரி ஓர் உருக்காலையின் வாயிலில் நின்றுவிட்டது. வாயிலின் இருபுறமும் நிறுத்தியிருக்கும் கதிர்வீச்சு உணர்வுப் பலகைகள் அலாரம் கொடுத்தன. லாரியை மெதுவாக ஓட்டி இன்னும் இரண்டு முறை கடக்கவிட்டார்கள். மூன்று முறையும் ஒலித்தது.

அதுவரை நடந்ததெல்லாம் சரி. அதன்பின் ஆலை, சரக்கை ஏற்க மறுத்து லாரியைத் திருப்பி அனுப்பியது. அலாரம் கொடுத்த வண்டியை ஆலை வளாகத்திலேயே ஒதுக்குப்புறமாக நிறுத்தி, ஓட்டுநரை இறக்கிவிட்டு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் தந்திருக்க வேண்டும். ஆனால் லாரி ஜி.என்.டி. சாலை வழியே குடோனுக்கே திரும்பி வந்தது. விஷயம் மேஸ்திரியின் காதுக்கு எட்டுமுன் காந்தக் கிரேன் பாதிச் சரக்கை இறக்கிவிட்டது. ஒரு லாரிப் பெட்டிக்குள் அடங்கியிருந்த தேடல் இரண்டு குவியல்களுக்கு விரிந்தது. உணர்வுப் பலகைகள் பதிவு செய்திருந்த வரைபடத்தைப் பார்த்தால், லாரியின் எந்தப் பகுதியில் கதிர்வீச்சு அதிகம் என்று தெரிந்திருக்கும். அது யாருக்கும் அனுப்பப்படவில்லை.

அலாரத்தைக் குறை சொல்ல முடியாது. 1998இல் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் அருகே ஓர் எஃகு ஆலையில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய ‘மூலம்’ (கதிர் கிளம்பும் பொருள்) ஒன்று யாரும் அறியாமல் உருக்கப்பட்டது. சீசியம் ஆவியாகி உலைப் புகையோடு போய்த் தூசி வடிகட்டிகளில் படியும். கோபால்ட்-60 உருகினால் எஃகோடு கலந்து கம்பியாகவே வெளியே வரும். உலைக்குள் போவதற்கு முன் தடுக்கக் கடைசி இடம் இந்த வாயில்தான். நம் நாட்டில் 2010இல் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 பிரித்தெடுக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

கேமரா என்ற சொல்லால் போன நேரம்

குடோன் உரிமையாளர் போலீசுக்கும் வாரியத்துக்கும் தகவல் சொன்னார். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் மூன்று உதவியாளர்களும் மாலை 6:30க்கு வந்து சேர்ந்தார்கள். காமா கேமரா வர மேலும் ஒரு மணி நேரம் ஆனது. ஒரு பகுதி சாலை நெரிசல், மறுபகுதி சொற்குழப்பம். வெல்டிங் சோதனை செய்யும் தொழிலில் ‘கேமரா’ என்றால் இரிடியம்-192 வைத்திருக்கும் ரேடியோகிராபிக் கருவி. மருத்துவமனையில் ‘காமா கேமரா’ என்றால் நோயாளியைப் படுக்கவைத்து எடுக்கும் பெரிய எந்திரம். இங்கே தேவைப்பட்டது மூன்றாவது வகை: கதிர்வீச்சு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, சாதாரண ஒளிப்படத்தின் மேல் நிறப்புள்ளியாக வரைந்து காட்டும் கையடக்கக் கருவி. தொலைபேசியில் கேட்கும்போது “கதிர்வீச்சு இருக்கும் இடத்தைப் படமாகக் காட்டும் கருவி” என்று முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

முதல் அளவீடுகள்

தெருவில் 0.12 மைக்ரோசீவர்ட்/மணி (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு), சென்னையில் இயல்பாக இருக்கும் அளவு. வாயிலில் 0.3. மூன்றாவது குவியலின் முன்பக்கத்தை ஒட்டி 3 முதல் 4 வரை. அந்தக் குவியலுக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் ஒரு சந்து இருந்தது. உடைந்த ஓடும் தகரமும் கிடந்ததால் யாரும் உள்ளே போகவில்லை. ஏணி வைத்துச் சுவரின் மேலிருந்து 4 மீட்டர் நீட்டுக் கம்பியில் மாட்டிய உணரியைச் சந்துக்குள் இறக்கினார்கள். சுவரில் சாய்த்திருந்த 8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றின் நடுவில் மீட்டர் 140 காட்டியது. தகட்டின் மேல் விளிம்பில் 20. வலப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளினால் 3.

இந்த மூன்று எண்களிலேயே விடை இருந்தது. வெளியே திறந்து கிடக்கும் ஒரு மூலத்தை விட்டு விலக விலக அளவு சீராகக் குறையும். தொலைவு இரு மடங்கானால் நாலில் ஒரு பங்கு. இங்கேயோ கத்தி வைத்து வெட்டியதுபோல் ஓரத்தில் சட்டென விழுந்தது. அப்படி விழுவது கற்றை, அதாவது கவசத்தின் ஒரு வாய் வழியாக மட்டும் வெளியேறும் கதிர். எண்கள் குறிப்பேட்டில் சரியாகவே எழுதப்பட்டன. ஆனால் அந்த நேரத்தில் எல்லாருடைய கவனமும் ‘140 எங்கே?’ என்பதில்தான் இருந்தது.

எல்லை வகுத்தார்கள். சர்வதேச வழிகாட்டுதலில் உள்வட்டத்துக்கான அளவு 100 மைக்ரோசீவர்ட்/மணி. அந்தச் சந்துக்குள் தவிர வேறெங்கும் அளவு அதை எட்டவில்லை. எனவே சந்து முழுவதும் தடை, குடோனுக்குள் குழுவினர் மட்டும், பொதுமக்கள் 1 மைக்ரோசீவர்ட்டுக்குக் கீழே உள்ள தெருவில். சுவருக்கு அந்தப் பக்கம் வண்டிகள் நிறுத்தும் காலி மனை. அங்கே சுவரை ஒட்டி 8 இருந்ததால் அந்த மனையும் காலி செய்யப்பட்டது. சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தொழிலாளர்களின் கை, செருப்பு, காந்தத்தின் அடிப்பகுதி, லாரிப் பெட்டி எல்லாவற்றையும் மாசு உணரியால் தடவிப் பார்த்தார்கள். எதிலும் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கவில்லை. மூலம் உடையவில்லை என்பதற்கு அது முதல் அறிகுறி.

முதல் படம்

கேமரா 7:30க்கு வந்தது. குளிரூட்டிய காரிலிருந்து எடுத்ததும் லென்ஸில் ஆவி படிந்து ஒளிப்படம் வெளுத்துத் தெரிந்தது. துடைத்தால் மறுபடி படியும். கருவியை வெளிக்காற்றில் இருபது நிமிடம் விட்டுவிடுவதுதான் வழி. சென்னையின் ஈரக்காற்றில் இந்த இருபது நிமிடத்தைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவியில் காட்மியம் துத்தநாக டெல்லூரைடு படிகம் இருந்தது. இரண்டு முறைகளில் படம் எடுக்கும். ஒன்று, துளைக்கோலம் போட்ட டங்ஸ்டன் முகமூடி முறை: கதிர் வரும் கோணத்துக்கு ஏற்ப முகமூடியின் நிழல் படிகத்தில் இடம் மாறி விழும், அந்த நிழலைக் கணக்கிட்டுத் திசை காணலாம். 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழ் (இது கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) படம் மிகக் கூர்மையாக வரும். ஆற்றல் ஏற ஏறக் கதிர் டங்ஸ்டனையே துளைத்துப் போவதால் நிழல் மங்கிவிடும். இரண்டாவது, காம்ப்டன் முறை: ஒரே கதிர் படிகத்துக்குள் ஓரிடத்தில் சிதறி இன்னோரிடத்தில் நின்றால், இரு இடங்களிலும் விட்ட ஆற்றலை வைத்துச் சிதறல் கோணத்தைக் கணக்கிட்டு, வந்த திசையை ஒரு கூம்பாக வரையலாம். பல கூம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் மூலம் இருக்கும் திசை. இது அதிக ஆற்றலுக்கு ஏற்றது. ஆனால் படம் பத்து டிகிரிக்கு மேல் பரந்த மேகமாகத்தான் வரும்.

சந்தின் தெற்கு வாயில், தகட்டிலிருந்து 4 மீட்டரில் முக்காலி. கருவி தானியங்கி நிலையில் இருந்தது; எல்லா ஆற்றலும் சேர்ந்த கணக்கு, முகமூடி முறை. மூன்றே நிமிடத்தில் தகட்டின் நடுவில் சிவப்புப் புள்ளி விழுந்தது. கையால் தொட்டுக் காட்டலாம் போல அவ்வளவு தெளிவு. மீட்டரும் அங்கேதான் 140 காட்டியிருந்தது. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனதால் தகட்டைச் சங்கிலி போட்டு இழுக்க முடிவாகிவிட்டது.

நிறமாலை சொன்னது

சங்கிலி எடுக்கப் போகுமுன் குழுவில் ஒருவர் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் வந்தன என்று காட்டும் வரைபடத்தை, திறந்து பார்த்தார். 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் மெல்லிய முகடு, அது சீசியம்-137. ஆனால் எண்ணிக்கையில் பெரும்பகுதி 200க்கும் 290க்கும் இடையே மேடாகக் குவிந்திருந்தது. 662 கதிர் ஒன்று 90 டிகிரி திரும்பிச் சிதறினால் அதன் ஆற்றல் 288 ஆகும். 120 டிகிரி திரும்பினால் 225. ஆக, தகட்டிலிருந்து வந்தவை பெரும்பாலும் திரும்பி வந்த கதிர்கள். தகடு ஒரு கண்ணாடிபோல நின்றிருந்தது. மூலம் அதற்கு எதிரே எங்கோ இருந்தது.

உடனே 640 முதல் 685 வரை மட்டும் என ஆற்றல் சாளரம் வைத்து, காம்ப்டன் முறையில் மறுபடம் எடுத்தார்கள். இம்முறை 25 நிமிடம் ஆனது. வந்தது அகலமான, ஓரம் கலைந்த ஒரு மேகம். அதன் மையம் தகட்டிலிருந்து 17 டிகிரி இடப்பக்கம், குவியலுக்குள். 4 மீட்டர் தொலைவில் 17 டிகிரி என்றால் 1.2 மீட்டர்.

அழகான படம் தவறாக இருந்தது, மங்கலான படம் சரியாக இருந்தது. காரணம் இரண்டு. சிதறிய கதிரின் ஆற்றல் குறைவு என்பதால் முகமூடி அதை நன்றாகத் தடுத்துக் கூர்மையாக வரைகிறது. நேர்க்கதிரோ கவசத்தையும் இரும்புக் குவியலையும் கடந்து மெலிந்து வருகிறது. சுமார் 12 மில்லிமீட்டர் இரும்புக்கு ஒரு முறை பாதியாகிறது. கேமரா காட்டுவது கதிர் கடைசியாகப் புறப்பட்ட இடத்தை. அது மூலமாக இருக்கலாம், சிதறவைத்த பொருளாகவும் இருக்கலாம். எதுவென்று தீர்மானிப்பது ஆற்றல்தான்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் பின்னணி அளவு 0.12இலிருந்து 0.17க்கு ஏறியது, ஒரு கைக்கருவி அலாரம் கொடுத்தது. மூலம் நகர்ந்துவிட்டதோ, உடைந்துவிட்டதோ என்ற பதற்றம் எழுந்தது. நிறமாலையில் 352இலும் 609இலும் புதிய முகடுகள். காற்றிலுள்ள ரேடானின் வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றை மழை தரைக்குக் கொண்டுவரும். அவை சுமார் அரை மணிக்கு ஒரு முறை பாதியாகி, சில மணி நேரத்தில் மறையும். ஆற்றல் சாளரத்தை 600இலிருந்து தொடங்கியிருந்தால் அந்த 609 உள்ளே புகுந்து படத்தைக் கெடுத்திருக்கும். பருவமழைக் காலத்தில் இங்கே வேலை செய்பவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, முக்காலியைக் குவியலின் முன்பக்கத்துக்கு மாற்றி 40 நிமிடம். இரண்டு திசைக் கோடுகளும் குவியலின் சுவர்ப்பக்க ஓரத்தில், தரையை ஒட்டி, சுமார் அரை மீட்டர் வட்டத்துக்குள் வெட்டிக்கொண்டன.

எடுத்த முடிவும் காரணமும்

தகட்டைத் தொடுவதில்லை. காந்தக் கிரேனும் கூடாது. அது மூலத்தைப் புரட்டினால் கற்றை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. முன்பக்கத்திலிருந்து, அதாவது கற்றை போகும் திசைக்குப் பின்னாலிருந்து, நீண்ட கொக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுப்பது. ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் அளவீடு. நெஞ்சுயரத்தில் 100 காட்டினால் எல்லாரும் பின்வாங்குவது.

முதல் முடிவின்படி போயிருந்தால், சங்கிலி மாட்டுபவர் குவியலுக்கும் தகட்டுக்கும் நடுவே, கற்றைக்குள்ளேயே நின்றிருப்பார். பின்னால் கணக்கிட்டபோது அங்கே மணிக்கு 540 மைக்ரோசீவர்ட் அளவு வந்தது. பத்து நிமிடத்துக்கு 90. இந்த மூலத்தால் அவருக்குத் தீங்கு வந்திருக்காது. நூறு மடங்கு வலுவான மூலமாக இருந்திருந்தால் அதே பத்து நிமிடத்தில் 9 மில்லிசீவர்ட் (9,000 மைக்ரோசீவர்ட்). எந்த மூலம் என்று தெரியாத அந்த நேரத்தில் அந்த முடிவு தவறுதான்.

இரவு 10 மணிக்கு எடுக்கத் தொடங்கினார்கள். கியர்பாக்ஸ் மூடி, குழாய் வளைவுகள், வெட்டிய சேனல் துண்டுகள். எட்டாவது துண்டை விலக்கியதும் அளவு 4இலிருந்து 22க்குத் தாவியது. பதினான்காவதுக்குப் பின் விளக்கொளியில் மங்கிய மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு வார்ப்பிரும்பு உடல் தெரிந்தது. ஒரு குடம் அளவு, நாற்பது கிலோ இருக்கும். ஒரு பக்கம் சம்மட்டி அடியில் விரிந்து, உள்ளே ஈயம் பிதுங்கி நின்றது. மூடியின் கைப்பிடி இல்லை. வாய் பாதி திறந்து சந்துப் பக்கம் பார்த்துக் கிடந்தது. அதன் பெயர்த்தகட்டை ஈரத்துணியால் துடைத்து, தொலைவிலிருந்தே படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தார்கள்: சீசியம்-137, 3.7 கிகாபெக்கரல் (மூலத்தின் வலுவைச் சொல்லும் அலகு), 2001. ஆலைத் தொட்டிகளில் திரவ மட்டம் அளக்கப் பயன்படும் கருவி.

அரை ஆயுள் 30 ஆண்டு; 22 ஆண்டு கழித்து மிஞ்சுவது சுமார் 2.2 கிகாபெக்கரல். கற்றைக்குள் ஒரு மீட்டரில் மணிக்கு 195 மைக்ரோசீவர்ட், 1.2 மீட்டரில் 136. தகட்டில் அளந்தது 140. கணக்கும் அளவும் பொருந்தியதால், குவியலுக்குள் இன்னொரு மூலம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு குறைந்தது. ஆனாலும் கடைசியில் இரண்டு குவியல்களையும் முழுக்க அளந்த பிறகே வேலை முடிந்ததாக அறிவித்தார்கள்.

துருவேறிய மூடியை அசைக்க முயலவில்லை. உடைந்து முழுதும் திறந்துகொண்டால் நிலைமை மோசமாகும். 25 மில்லிமீட்டர் ஈயத் தகட்டை 2 மீட்டர் இடுக்கியால் பின்னாலிருந்து வாயின் முன் நகர்த்தினார்கள். சந்தில் 140 இருந்தது 10 ஆனது. ஈயத்தோடு சேர்த்துக் கட்டி, ஈயம் வேய்ந்த இரும்புப் பெட்டிக்குள் இறக்கும்போது மணி 11:40. குழுவில் ஒருவர் பெற்ற அதிகபட்ச அளவு 14 மைக்ரோசீவர்ட்.

தொழிலாளர்கள்

கருவி ஆறு நாள் முன்பே குடோனுக்கு வந்திருந்தது. உள்ளே ஈயம் இருப்பதைப் பார்த்து ஒரு கேஸ் கட்டிங் தொழிலாளி இருபது நிமிடம் அதன்மேல் வேலை செய்திருக்கிறார். வார்ப்பிரும்பைக் கேஸ் தீ சரியாக வெட்டாது, அலுத்துப்போய் விட்டுவிட்டார். சீசியம் இருந்த குப்பி தப்பியது அதனால்தான்.

அவரிடமும் மேஸ்திரியிடமும் தனித்தனியே கேட்டு, தரையில் சாக்பீஸால் வரைந்து, யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கணக்கெடுத்தார்கள். இருபது நிமிடமும் கற்றைக்குள்ளேயே 30 சென்டிமீட்டரில் இருந்ததாக வைத்துக்கொண்டாலும் 0.7 மில்லிசீவர்ட்தான் வருகிறது. பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1. குரோமோசோம் பரிசோதனை சுமார் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல்தான் எதையும் காட்டும் என்பதால் அது பரிந்துரைக்கப்படவில்லை.

எண்கள் அவருக்குப் போதவில்லை. “சார், வூட்ல கைக்குழந்தை இருக்கு, தூக்கலாமா?” என்று கேட்டார். மூடப்பட்ட மூலத்தின் கதிர் உடலைக் கடந்து போய்விடும், ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது என்று விளக்கி, அவர் கண்முன்னே மாசு உணரியை அவர் உள்ளங்கைகள் மேலும் சட்டை மேலும் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். எண் ஏறாததைப் பார்த்த பிறகுதான் அவர் வீட்டுக்குக் கிளம்பினார். அதற்குச் செலவான ஐந்து நிமிடம் அன்றிரவின் மிக அவசியமான ஐந்து நிமிடங்களில் ஒன்று.

பின்னர்

மறுநாள் எடுத்த துடைப்புச் சோதனையில் கசிவு, வரம்பான 185 பெக்கரலுக்குக் கீழேயே இருந்தது. பெயர்த்தகட்டின் வரிசை எண்ணை வைத்துத் தேடியதில், கருவி ஒரு மூடப்பட்ட ஆலையுடையது என்றும், தொட்டி பழைய இரும்பாக விற்கப்பட்டபோது அதில் பொருத்தியபடியே போய்விட்டது என்றும் தெரிந்தது. மூலம் உரிய பெட்டியில், அங்கீகாரம் பெற்ற கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்பப்பட்டது.

எதை மாற்ற வேண்டும்

குழு தன் நடைமுறைத் தாளில் செய்த முதல் மாற்றம்: படம் எடுக்குமுன் நிறமாலை. முகட்டைவிடச் சிதறல் மேடு பெரிதாக இருந்தால், படத்தின் புள்ளியை ‘சந்தேக இடம்’ என்றுதான் எழுத வேண்டும். ‘மூலம்’ என்று எழுதக் கூடாது. எல்லா ஆற்றலும் சேர்ந்த படத்தை மட்டும் வைத்து எதையும் நகர்த்த அனுமதி இல்லை.

இரண்டாவது, நீட்டுக் கம்பி அளவீட்டை ஒரு உச்ச எண்ணாகக் குறிக்காமல் குறைந்தது ஐந்து புள்ளிகளில் கட்டம் போட்டு எழுதுவது. விளிம்பில் சட்டென விழுகிறதா என்ற கேள்விக்குத் தாளிலேயே ஒரு கட்டம்.

மூன்றாவது, வேலை தொடங்குமுன் ஒரு சிறிய சோதனை மூலத்தை ஒரு மீட்டரிலும் நாலு மீட்டரிலும் வைத்து, நிறப்புள்ளி ஒளிப்படத்தில் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது. ஒளி லென்ஸும் முகமூடியும் சில சென்டிமீட்டர் தள்ளியிருப்பதால் கிட்டத்தில் புள்ளி பக்கவாட்டில் நகரும். அன்றிரவு இதைச் செய்யவில்லை; அரை மீட்டர் வட்டம் போதுமானதாக இருந்ததால் பாதிப்பில்லை.

குடோனில், வாங்கும் இடத்திலேயே எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு எளிய கைக்கருவி வைக்கப்பட்டது. கதிரியக்கச் சின்னம், மஞ்சள் வண்ண வார்ப்பு, காரணமில்லாமல் கனக்கும் உருளை ஆகியவற்றின் படங்கள் தமிழிலும் இந்தியிலும் விளக்கத்தோடு கட்டிங் கொட்டகையில் மாட்டப்பட்டன. அங்கே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் வடமாநிலத்தவர்கள். உருக்காலையோடு எழுத்தில் ஓர் ஏற்பாடும் ஆயிற்று: அலாரம் கொடுத்த லாரி ஆலையை விட்டு நகராது, வாயில் வரைபடம் அரை மணிக்குள் அனுப்பப்படும், ஓட்டுநருக்கு அன்றைய வாடகையும் காத்திருப்புப் படியும் ஆலையே தரும். கடைசி ஷரத்தை ஓட்டுநர்கள்தான் கேட்டு வாங்கினார்கள். அன்று ஆலை திருப்பி அனுப்பியதும், காத்திருந்தால் கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் அந்த லாரி உடனே திரும்பி வந்திருக்கிறது.